முப்பத்திரண்டாவது அட்டை

அன்று என் மாணவி தோவா தூக்கியது வலது கையா இடது கையா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. வலது என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க இடது என்று தோன்றியது. வந்திருந்தவர்கள் நூற்று நாற்பது பேரா, கூடவா, வெளியே பெய்தது மழையா ஆலங்கட்டியா, இவற்றிலும் என் நினைவை நம்ப முடியாது. அவை எப்படி இருந்தாலும் பாதகமில்லை. கை விஷயம் அப்படியல்ல. எங்கள் வகுப்பில் வலது கைக்கு ஒரு பொருள், இடது கைக்கு வேறு பொருள்.

பார்வையாளர்கள் வரும் நாளில், ஆசிரியர் கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பார். பின்சுவர் ஓரமாக நிற்கிறவர்களுக்கு ஒரு வயலே நிமிர்ந்து நிற்பதுபோல் இருக்கும். இதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. நானே ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது இடது கையை நன்றாக உயர்த்திப் பழகியவள்தான்.

எங்கள் தொடக்கப்பள்ளி கடற்கரையில் ஒரு சிறிய துறைமுக ஊரில் இருந்தது. வகுப்புக்கு ஒரு பிரிவுதான். ஊர்க் கல்விக் குழு அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வுப் பள்ளியாகத் தேர்ந்தெடுத்தது. வாசலில் நீளமாக ஒரு துணி கட்டினார்கள்: ‘தானாக முன்வந்து, உரையாடி, ஆழமாகக் கற்போம்.’ கடல் காற்றில் அது மாதம் ஒருமுறை கிழிந்தது. மாதம் ஒருமுறை புதிதாகக் கட்டினார்கள். பிள்ளைக்கு ஒன்றாக டேப் என்கிற கைக்கணினி வந்தது. கரும்பலகையில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை வந்தது. மேசைகளை நான்கு நான்காகச் சேர்த்துப் போட்டு, பிள்ளைகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அதனால் எல்லோருக்கும் கழுத்து வலி வந்தது. திரை பக்கவாட்டில் இருந்தது.

இந்த ஆய்வுக்குத் தலைவர் தொகாஷி, முப்பத்து மூன்று வயது. தலைநகரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தால், துணியில் இருந்த அந்த மூன்று சொற்களையும் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். மெதுவாகச் சொன்னால் பொருள் வந்து சேர்ந்துவிடும் என்று நம்பினார் போலும். ஆலோசகர் பேராசிரியர் குராமொச்சி. அவர் ஆண்டுக்கு மூன்று முறை மாவட்டத் தலைநகரிலிருந்து ரயிலில் வருவார். ஆசிரியர் பேச, மாணவர் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய முறை ஏன் செத்துப்போக வேண்டும் என்று முதல் வருகையில் இரண்டு மணி நேரம் விளக்கினார். தொண்ணூற்று நான்கு படங்கள் காட்டினார். நாங்கள் மடியில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேள்வி கேட்க நேரம் மிஞ்சவில்லை. தலைமையாசிரியர் ஹிருகாவா ஓய்வுபெற ஒன்றரை ஆண்டு இருந்தது. மற்றப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பாடத்தைப் பார்க்க, நவம்பரில் நடக்கவிருந்த ஆய்வு அரங்கேற்றம்தான் அவர் வேலையின் முத்தாய்ப்பு.

அரங்கேற்றத்தில் பாடம் நடத்த வேண்டியவள் நான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. முயல் கூண்டு. முதல் கூண்டு ஆறு சதுர மீட்டர், ஒன்பது முயல்கள். இரண்டாவது ஐந்து சதுர மீட்டர், எட்டு முயல்கள். எதில் நெரிசல் அதிகம்?

எங்கள் பாடக் குறிப்பில் ஒரு பத்தி உண்டு: ‘மாணவர்களிடம் எதிர்பார்க்கும் பதில்கள்’. ஆசிரியர் முன்கூட்டியே உட்கார்ந்து, பிள்ளைகள் எப்படியெல்லாம் யோசிப்பார்கள் என்று கற்பனை செய்து எழுத வேண்டும். நல்ல வழக்கம்தான். தொகாஷி அதை ஒரு படி முன்னேற்றினார். எதிர்பார்க்கும் பதில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பிள்ளையின் பெயரை எழுதினார். முதல் பதில் இவள், இரண்டாவது பதில் அவன். இடையில் ஒரு ‘நல்ல தவறு’ வர வேண்டியிருந்தது. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவன் வேண்டும் என்று வகுப்பின் முதல் மாணவனுக்குக் கொடுத்தார். இதனால் மகனுடைய மதிப்பெண் குறையுமா என்று அவன் தாய் தொலைபேசியில் கேட்டார்.

ஐந்தாவதாக நான் எழுதியிருந்த பதிலைக் குராமொச்சி அடித்துவிட்டார். ‘முயல்கள் கூண்டு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால்தானே இந்தக் கணக்கு?’ என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும் என எழுதியிருந்தேன். ஓரத்தில் அவர் சிவப்பு மையில் குறித்திருந்தார்: ‘நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஆழம் அதிகம்.’

மினெகிஷி தோவாவின் பெயருக்கு எதிரே எதுவும் இல்லை. அவள் பேசமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். பேசவே தெரியாதவள் அல்ல. எது கேட்டாலும் யோசிப்பாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் வகுப்பு வேறு பக்கம் போயிருக்கும். சில நாள் மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து நிற்பாள். “நேத்து கேட்டீங்கல்ல டீச்சர், அதுக்கு...” என்று தொடங்குவாள். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு வந்த பதிலில் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சஹோ என்ற தோழியோடு பள்ளி முயல் கூண்டைச் சுத்தம் செய்வாள். சஹோவிடம் பேசுவாள். முயல்களிடமும் பேசுவாள் என்று சஹோ சொன்னாள்.

டேப்புக்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் தங்கள் கருத்தை அட்டையில் எழுதி அனுப்பினால், திரையில் அவர்களுடைய கட்டம் பச்சையாகும். அனுப்பாதவர்கள் சிவப்பு. கீழே பங்கேற்பு விழுக்காடு ஓடும். முப்பத்திரண்டு கட்டங்களில் முப்பத்தொன்று பச்சை, ஒன்று சிவப்பு. எந்தப் பாடமானாலும் இதுதான்.

அக்டோபரில் ஹிருகாவா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் தானே ஊற்றிக் கொடுத்தால் விஷயம் நல்லதாக இருக்காது.

“ஓபாதா டீச்சர், அந்த ஒரு செவப்புக் கட்டம் மட்டும் அப்படியே நிக்குதே. வர்றவங்க கண்ணுல மொதல்ல அதான படும்?”

அரங்கேற்றத்தன்று ஒரு நாள் தோவாவைச் செவிலியர் அறையில் படுக்க வைக்கலாமா என்று கேட்டார். தாய் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றேன். உடனே இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்தார். டிசம்பரில் கூடும் குழுவுக்கான படிவம். அடுத்த ஆண்டு முதல் தோவாவைத் தனிக் கவனிப்பு வகுப்புக்கு மாற்றலாம் என்ற பரிந்துரை. அந்த வகுப்பு எங்கள் பள்ளியில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியில் இருந்தது. வேனில் முக்கால் மணி நேரம். அந்த வகுப்பை நான் குறை சொல்லமாட்டேன். அது தேவைப்படுகிற பிள்ளைகள் உண்டு. தோவாவுக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடம்.

“அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். சரி, உங்களுக்காக ஒண்ணு செய்யலாம். அன்னிக்கு ஒரு அட்டை, ஒரு வாய்ப் பேச்சு. அது போதும். இந்த ஃபாரம் இழுப்பறைய விட்டு வெளிய வராது.”

மறுவாரம் தோவாவின் தாய் வந்தார். துறைமுகத்தில் மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில் வேலை. ரப்பர் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, விருந்தினர் செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் காலுறையோடு நடந்து வந்தார். படிவத்தைப் பற்றி எப்படியோ தெரிந்திருந்தது. சத்தம் போடவில்லை. “அந்தப் பக்கம் போனா அங்க சஹோ இருக்கமாட்டா டீச்சர்” என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

அரங்கேற்றத்துக்கு முந்தைய வியாழக்கிழமை முழு ஒத்திகை. தொகாஷி நேரக் கடிகாரத்தோடு பின்னால் நின்றார். பிள்ளைகள் அவரவர் பதிலை அட்டையில் எழுதினார்கள். முப்பத்தொன்று பச்சை. தோவா டேப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு அவள் டேப்பை எடுத்தேன். எல்லோருடைய கடவுச்சொல்லும் பிறந்த தேதிதான். பட்டியல் என் மேசையில் இருந்தது. அவள் பெயரில் எழுதினேன்: ‘நானும் எல்லோரும் சொல்வதையே நினைக்கிறேன்.’ அனுப்பு என்று தொட்டேன். கட்டம் பச்சையானது. கீழே நூறு விழுக்காடு என்று வந்தது. திரை முழுக்கக் காகிதப் பூக்கள் உதிர்ந்தன. யாருமில்லாத வகுப்பில் அந்தப் பூக்கள் உதிர்வதைக் கடைசிவரை பார்த்தேன்.

மறுநாள் தோவாவை அழைத்து, செவ்வாய்க்கிழமை உன்னைக் கூப்பிட்டால் எழுந்து அட்டையில் இருப்பதை வாசித்தால் போதும் என்றேன். எந்த அட்டை என்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளுக்குப் பத்து நிமிடம் வேண்டும். நான் இரண்டாவது நிமிடத்திலேயே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பார்வையாளர்கள் பச்சை ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். பின்சுவர் நிறைந்து, பக்கச்சுவர் நிறைந்து, நடைவழியிலும் நின்றார்கள். எல்லோர் கையிலும் அட்டைப்பலகை, பேனா. முதல் வரிசையில் குராமொச்சிக்கு நாற்காலி. நான் வணங்கி, திரையைத் தொட்டுக் கூண்டுகளின் படத்தைத் திறக்கப் போனேன்.

இத்தனை பேர் ஒரே இடத்தில் நின்றால் வைஃபை தடுமாறும், பிள்ளைகளின் அட்டைகள் வரத் தாமதமாகும், திரை வெறுமையாக நிற்கும் என்று தொகாஷி பயந்திருந்தார். வெறுமையான திரையைத்தான் அவர் எதைவிடவும் அதிகமாகப் பயந்தார். அதற்காக ஒத்திகை அட்டைகளை அழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்.

கூண்டு வரவில்லை. முப்பத்திரண்டு பதில்கள் வந்தன. நான் கேள்வியே கேட்கவில்லை. எல்லாம் பச்சை, நூறு விழுக்காடு. ஒவ்வொரு அட்டையின் மேலும் தேதி, போன வியாழக்கிழமை. பிறகு பூக்கள் உதிர்ந்தன.

நூற்று நாற்பது பேர் அதைப் பார்த்தார்கள். எல்லோரும் ஆசிரியர்கள், தேதி படிக்கத் தெரிந்தவர்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் விழவில்லை. பேனாக்கள் மட்டும் ஓடின. அவரவர் பள்ளியிலும் அவரவர் முறை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தொகாஷி ஓரத்திலிருந்து மேலே போங்கள் என்று தலையசைத்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இன்னும் நாற்பத்துமூன்று நிமிடம் இருந்தது. பாடம் முடிந்துவிட்டது.

கூண்டுப் படத்தைத் தேடி ஓரத்தில் காட்டினேன். ஏன் அப்படி நினைத்தீர்கள், யார் சொல்கிறீர்கள் என்று குறிப்பில் இருந்தபடி கேட்டேன். கைகள் எழுந்தன. முப்பத்திரண்டு. தோவாவின் கையும். அதுவரை எந்தக் கையையும் தூக்கியிராதவள். வலது என்றால் சொல்ல வேண்டும் என்கிறாள். இடது என்றால் என்னைக் கூப்பிடாதே என்கிறாள். எனக்கு அந்த நேரத்தில் அது எந்தக் கை என்பது முக்கியமாகப் படவில்லை. ஒரு அட்டை ஆயிற்று, ஒரு வாய்ப் பேச்சு பாக்கி. மினெகிஷி என்றேன்.

எழுந்து நின்றாள். திரையில் தன் பெயரிட்ட அட்டையைப் பார்த்தாள். நேரம் போனது. நான் வாசிக்கும்போதும் வீட்டிலும் அமைதியை விரும்புகிறவள். இவளுடைய அமைதியையும் மற்ற நாளில் பொறுத்திருக்கிறேன். அன்று அது என் முதுகில் ஊர்ந்தது. பின்னால் ஒருவர் தும்மலை அடக்கினார். தொகாஷி கடிகாரத்தைப் பார்த்தார்.

“இது நான் எழுதினது இல்ல, டீச்சர்” என்றாள்.

குரல் சிறியதுதான். அந்த வகுப்பில் அன்று கேட்ட குரல்களில் அது ஒன்றுதான் ஒத்திகை பார்க்காதது. அதனால் நடைவழி வரைக்கும் கேட்டது. அவள் உட்காரவில்லை. மறுபடி நேரம் போனது.

“முயலுங்க பரவி உக்காராது. குளிருச்சுன்னா எல்லாம் ஒரே மூலைல ஒட்டிக்கும். பரவி இருக்குன்னு யாரோ வச்சுக்கிட்டதாலதான் இந்தக் கணக்கு வருது. யாரு வச்சாங்கன்னு யோசிச்சிட்டிருந்தேன். இன்னும் முடியல.”

குராமொச்சி தன் மடியிலிருந்த பாடக் குறிப்பில் விரலை ஓட்டி, அந்தப் பதிலைத் தேடினார். அது அங்கே இல்லை. அவரே அடித்தது. விரல் கடைசி வரிக்குப் போய் நின்றது, குறிப்பை மூடிவிட்டார்.

பிள்ளைகளில் மூன்று நான்கு பேர் தோவா பக்கம் திரும்பியிருந்தார்கள். சஹோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரத்தில் நான் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றிருந்தாலே வகுப்பு தானாக நடந்திருக்கும். வாசலில் கட்டியிருந்த மூன்று சொல்லும் நடந்திருக்கும். நான் “சரி, உக்காரு” என்றேன். நல்ல தவறு செய்ய வேண்டிய பையனை அழைத்தேன். மிக அழகாகத் தவறு செய்தான்.

பாடத்துக்குப் பிறகு நூலகத்தில் கலந்துரையாடல். பாராட்டுக்கு நீலச் சீட்டு, குறைக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. எழுதிப் பெரிய தாளில் ஒட்ட வேண்டும். தாள் நீலமாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் பதில் வேகம் வியப்பூட்டியது என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். இளஞ்சிவப்பில் ஒன்று நினைவிருக்கிறது: ‘ஒரு மாணவி இரண்டு நிமிடம் பத்து விநாடி பேசாமல் நின்றாள். இத்தகைய மாணவிக்கு என்ன உதவி?’ அவள் பேசியதைப் பற்றி ஒரு சீட்டும் இல்லை.

தீவுப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியை மட்டும் எழுந்து, அட்டைகளில் போன வாரத் தேதி இருந்ததே என்று கேட்டாள். டேப்பின் கடிகாரம் பிசகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார் தொகாஷி. முப்பத்திரண்டு கடிகாரமும் ஒரே நாளுக்குப் பிசகியதை எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஹிருகாவா என் பக்கம் திரும்பினார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அந்தப் பொண்ணு ஏன் அப்படிச் சொன்னா, டீச்சர்? அவ எழுதினதுதானே?”

நான் எழுதினேன் என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அது அதிர்ச்சியாகக்கூட இருந்திருக்காது. என்ன ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் பொய். போட்டேன். இடமாற்றம், ஒரு கண்டிப்புக் கடிதம், இத்தனை பேர் முன்னால் தலை தாழ்த்தி நிற்பது.

“அவளுக்கு ஞாபகம் இல்ல போலிருக்கு. சில சமயம் அப்படி ஆகும்” என்றேன்.

அறை முழுக்க ஒரு மெல்லிய “ஆ...” எழுந்தது. இரக்கம். ஒரு தவறு இப்படி ஒரு பிள்ளையின் தலையில் போய் மென்மையாக உட்கார்ந்துவிட்டால் ஆசிரியர்களுக்கு வரும் நிம்மதியும் அதில் இருந்தது. குராமொச்சி கடைசியில் பேசினார். முந்தைய பதில்களை முதலிலேயே திரையில் காட்டி, பிள்ளைகளைத் தங்கள் எண்ணத்தோடு உரையாட வைத்தது துணிச்சலான உத்தி என்றார். கைதட்டினார்கள். நானும் குனிந்து வணங்கினேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் படிவம் என் மேசைக்கு வந்தது. அவள் அட்டையும் அனுப்பினாள், வாயும் திறந்தாள், நீங்கள் சொன்னது நடந்ததே என்று ஹிருகாவாவிடம் போய்க் கேட்டேன். அவர் சங்கடப்பட்டவர்போலத்தான் இருந்தார்.

“செவப்புக் கட்டம்னா பாத்துக்கலாம். தான் எழுதினதே ஞாபகம் இல்லாத பிள்ளைய விட்டுட்டு நான் ரிடையர் ஆகலாமா? நீங்களே சொன்னதுதான டீச்சர்.”

‘வகுப்பு ஆசிரியர் கண்டது’ என்ற கட்டத்தில் என் வாக்கியத்தை அப்படியே எழுதியிருந்தார்கள். கீழே, கையெழுத்துக்குப் பதிலாக நான் வைக்க வேண்டிய முத்திரைக்கு வட்டம். அது காலியாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அதைக் காலியாக வைத்திருந்தேன். மறுநாள் காலை, பாடம் தொடங்குவதற்கு முன், முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி வைத்தேன். நேராகத்தான் விழுந்தது.

தாய் கையெழுத்துப் போட வந்தபோது ஹிருகாவாவும் நானும் இருந்தோம். தாய் படிவத்தை முழுக்கப் படித்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் தலை நிமிர்ந்தார்.

“வீட்லயும் அதான் சொன்னா, டீச்சர். தான் எழுதலேன்னு. இவ பொய் சொல்லமாட்டா. நீங்க சொல்லுங்க, அவ எழுதினாளா?”

நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது; இரண்டு நிமிடம் பத்து விநாடி இருக்கலாம். யாரும் அதை அளக்கவில்லை. என் மௌனத்தைத் தாய் தன் மகளின் மறதியாக எழுதிக்கொண்டார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வணங்கிவிட்டுக் காலுறையோடு நடந்து போனார்.

ஹிருகாவா ஓய்வுபெற்று, ஊர்க் கல்விக் குழுவின் ஆலோசகராக இருக்கிறார். தொகாஷி பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் அலுவலரானார். அவர் தொடங்கிவைத்தபடி இப்போது எட்டுப் பள்ளிகளில் ஒத்திகை அட்டைகளை அழிப்பதில்லை. குராமொச்சி தன் அறிக்கையில் எங்கள் பாடத்துக்கு நான்கு பக்கம் கொடுத்தார். முதல் டேப்கள் பழையதாகி, மூன்றாம் ஆண்டு வேறு டேப்கள் வந்தன. பள்ளியில் பிள்ளைகள் குறைந்து, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். துணியை அவிழ்க்க யாரும் போகவில்லை. முயல்களில் இரண்டு செத்தன, மற்றவற்றைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சஹோவின் குடும்பம் தலைநகருக்குப் போய்விட்டது. தாய் அதே மீன் கொட்டகையில் இருக்கிறார். எதிரில் வந்தால் வணங்குவார். தோவா மலைக்கு அந்தப் பக்கம் நான்கு ஆண்டு வேனில் போய் வந்தாள், பிறகு அங்கேயே ஒரு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. நான் இன்னும் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன்.